முப்பது இன்ச் பாதை

எங்கள் தெருவில் எனக்குச் சண்டைக்காரி என்று பெயர். யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நான் வாசலுக்கு வந்ததும் பேச்சு நிற்பதில் தெரிந்துவிடும். பேர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பேரை நான் உழைத்து வாங்கினேன்.

ராஜபாளையத்தில் பஸ் ரோட்டிலிருந்து மார்க்கெட்டுக்குப் பிரிகிற தெரு எங்களுடையது. முன்னறையில் தையல் மெஷினை வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக ஜாக்கெட் தைத்துக்கொண்டே இந்தத் தெருவைப் பார்க்கிறேன். எவன் எப்போது வந்தான், வண்டியை எங்கே விட்டான், எத்தனை நேரம் விட்டான் என்று என்னைக் கேட்டால் சொல்லுவேன். தெருவின் இரண்டு பக்கமும் சாக்கடை. அதன் மேல் சிமெண்ட் சிலாப் போட்டு மூடியிருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு நடைபாதை என்று இருப்பது இந்தச் சிலாப் மட்டும்தான். ஒருநாள் தையல் டேப்பை எடுத்துப் போய் அளந்தேன். அகலம் முப்பது இன்ச். பக்கத்தில் நின்ற பைக்கின் ஹேண்டில்பாரையும் அளந்தேன். இருபத்தொன்பது. ஆக, மனுஷன் நடப்பதற்கு ஒரு இன்ச் மிச்சம் வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்.

எங்கள் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்று ஓட்டிவிட்டு வந்த மனுஷன். ஊருக்கு வந்து பத்து வருடத்தில் சர்க்கரை வியாதி அவர் கண்ணைக் கொண்டுபோனது. முதலில் வலது கண், அடுத்த வருடம் இடது. பார்வை போன பிறகு அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காலை பத்து மணிக்குத் தெருக்கோடி டீக்கடைக்குத் தனியாகப் போய்வர வேண்டும். யார் கையையும் பிடிக்க மாட்டேன் என்றார்.

"கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா அது டீ குடிக்கப் போறதில்ல, ஏட்டி. மாட்டை மேய்க்கக் கூட்டிட்டுப் போற மாதிரி" என்றார்.

சரி, போங்க என்றேன். ஒரு வாரம் பின்னாலேயே சத்தமில்லாமல் நடந்தேன். சிலாப்பை எண்ணி வைத்துக்கொண்டார். எங்கள் வாசலிலிருந்து டீக்கடை வரைக்கும் நூற்றெண்பத்தாறு. மடக்குத் தடியால் சிலாப்பின் விளிம்பைத் தட்டிக்கொண்டே போவார். டீக்கடையில் ஒரு மணி நேரம் பேப்பர் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, நாலு பேரோடு அரசியல் பேசி, திரும்பி வருவார். வீட்டுக்கு வரும்போது முகம் தெளிந்திருக்கும். அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்கு மிச்சமிருந்த நாள்.

ஒரு சாயங்காலம் கால் கழுவிவிடும்போது முழங்காலுக்குக் கீழே பார்த்தேன். வரிவரியாகக் காயம். பழசு, புதுசு, ஆறாதது. கட்டில் கால் இடித்துவிட்டது என்றார். எங்கள் கட்டிலின் கால் உருண்டை இரும்பு. அது வெட்டாது. நம்பர் பிளேட் வெட்டும், ஃபுட்ரெஸ்ட் வெட்டும். சர்க்கரைக்காரனுக்குக் காலில் காயம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அன்றைக்குத்தான் என் சண்டை ஆரம்பித்தது.

யாரோடு என்று கேட்டால், எல்லாரோடும்தான். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு கறிவேப்பிலை வாங்க வண்டி எடுத்து வருகிறவனோடு. "செத்த நேரந்தான்க்கா" என்று சொல்லிவிட்டு மத்தியானம் வரைக்கும் காணாமல் போகிறவனோடு. வண்டி சீட்டில் காக்கா எச்சம் போடுகிறது என்று நாட்டு மருந்துக் கடை முன்னால் நின்ற புங்கை மரத்தை வெட்டிச் சாய்த்தார்களே, அவர்களோடு. மரம் போன இடத்தில் மறுநாளே நாலு பைக் நின்றது. இப்போது சீட்டு சுடுகிறது என்று துணி போட்டு மூடுகிறார்கள். நல்லா சுடட்டும்.

எல்லாரையும்விட எனக்கு ஆகாதவர் எதிர்த்த ஜவுளிக்கடை முதலாளி. மூன்று மாடி. கட்டும்போது கீழ்த்தளம் முழுக்க வண்டி நிறுத்த என்று வரைபடத்தில் காட்டித்தான் அனுமதி வாங்கினார். சரிவுப் பாதைகூடப் போட்டார். திறப்புவிழா முடிந்து மூன்றே மாதத்தில் சரிவுப் பாதையில் படிக்கட்டு வந்தது. கீழ்த்தளத்தில் நைட்டியும் பாவாடையும் தொங்கின. சேலை எடுக்க வருகிறவர்களின் வண்டியெல்லாம் எங்கள் சிலாப்பில். அவர் கடை வாசலில் மட்டும் ஒரு வண்டி நிற்காது. சிலாப்புக்கு வெளியே ரோட்டோரம் இரண்டு பெரிய பூந்தொட்டி வைத்து நடுவில் சங்கிலி போட்டிருப்பார். அது அவர் காருக்கு.

நேரே போய்க் கேட்டேன். காயத்தைச் சொன்னேன். நல்ல விதமாகத்தான் சொன்னேன், அது என் முதல் தடவை. அவர் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

"கண்ணு தெரியாதவர எதுக்குக்கா வெளிய விடுறீய? வீட்டுக்குள்ள பத்திரமா வச்சுக்கோங்க" என்றார்.

கடையில் அத்தனை பேர் சேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை.

"ஒங்களுக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே. ஒங்கள வெளிய விட்டதுதான் தப்பு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த எரிச்சல் இப்போதும் முழுசாக அடங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு மனு. என் கையால் எழுதினேன். இரண்டு பக்கச் சிலாப்பிலும் எந்த வண்டியும் நிற்கக்கூடாது, ஜவுளிக்கடைக் கீழ்த்தளத்தை வண்டிக்குத் திறக்க வேண்டும், வெட்டிய மரத்துக்குப் பதில் மரம் வைக்க வேண்டும். மூன்றே மூன்று கோரிக்கை. கொடுத்த இடத்திலெல்லாம் வாங்கிக்கொண்டார்கள். சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வருடம் அந்தச் சிரிப்பைத்தான் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒருத்தர்கூடக் கூட வந்து கையெழுத்துப் போடவில்லை. எல்லார் வீட்டிலும் பைக் இருந்தது.

மூன்றாம் வருடம் ஒரு புது எஸ்.ஐ. வந்தார். வத்திராயிருப்புப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பாவும் பட்டாளத்துக்காரராம். மனுவைப் படித்துவிட்டு நேரே தெருவுக்கே வந்து சிலாப் மேல் நடந்து பார்த்தார். நாலாவது வண்டியில் முட்டியை இடித்துக்கொண்டார். எனக்கு மனதுக்குள் சந்தோஷம். ஆனால் இரண்டு பக்கமும் முடியாது என்றார்.

"ரெண்டு பக்கமும்னா கடைக்காரவிய எல்லாரும் சேந்து கிளம்பிருவாங்கம்மா. ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம்னு வைப்போம். இப்போதைக்குப் பாதிய வாங்கிக்கோங்க. மீதியப் பொறவு பாப்போம்."

வாங்கிக்கொண்டேன். மூன்று வருடம் தொண்டை கிழியக் கத்தியவளுக்குப் பாதி கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது. தெருமுனையில் போர்டு வைத்தார்கள். ஒற்றைப்படைத் தேதிகளில் வண்டிகள் எங்கள் வீட்டுப் பக்கம். இரட்டைப்படைத் தேதிகளில் எதிர்ப் பக்கம். மற்ற பக்கத்துச் சிலாப் காலியாக இருக்க வேண்டும். மீறினால் வண்டியைத் தூக்கிப் போய்விடுவார்கள்.

தெரு ஒரேயடியாக அடங்கிவிடவில்லை. நாட்டு மருந்துக் கடைப் பெரியவர் நடுத்தெருவில் நின்றுகொண்டு, இன்றைக்குத் தமிழ் தேதி பங்குனி ஒன்பது, ஒற்றைப்படை, என் வண்டி சரியான பக்கம்தான் நிற்கிறது என்று வாதாடினார். போர்டில் எந்தத் தேதி என்று எழுதவில்லையாம். நாள்காட்டியையே கழற்றிக் கொண்டுவந்து காட்டினார். தினமும் கிழிக்கிற தாளில் இரண்டு தேதியும் இருக்கும் அல்லவா, தனக்குச் சாதகமான தேதியை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. கூட நாலைந்து கடைக்காரர்களும் பங்குனிக்கு மாறிவிட்டார்கள்.

"ஒங்க கடை மருந்துல எக்ஸ்பயரி தேதி எந்தத் தேதியிலய்யா போட்டிருக்கு? பங்குனின்னா போட்டிருக்கு?" என்று கேட்டேன். வண்டியைத் தூக்க வந்த போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் வண்டியை எடுத்தார். அன்றிலிருந்து என்னிடம் பேச்சை நிறுத்தினார். நிறுத்தட்டும்.

தினமும் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழிப்பேன். வீட்டுக்காரரிடம், இன்றைக்கு நம்ம பக்கம் போங்க, இன்றைக்கு எதிர்ப் பக்கம் போங்க என்று சொல்லிவிட்டு மெஷினில் உட்காருவேன். எதிர்ப் பக்கத்துச் சிலாப்பையும் எண்ணி வைத்துக்கொண்டார். அங்கே நூற்றெண்பத்தொன்று. அதுவும் கொஞ்ச நாளில் சொல்லத் தேவைப்படவில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், நேற்று அந்தப் பக்கம் போனேன், இன்றைக்கு இந்தப் பக்கம் என்று அவரே சொல்லிவிடுவார். நானும் ஆமாம், சரி என்பேன். எப்போதாவது, இல்லை, இன்றைக்கும் அந்தப் பக்கம்தான் என்று திருத்தியிருப்பேன். அதை ஒரு விஷயமாக நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவர் காலில் காயம் ஆறியது.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருந்தேன். காலிப் பக்கத்தில் எவனாவது திருட்டுத்தனமாக வண்டியை விட்டிருந்தால் என்ன செய்ய என்று அவர் கேட்டபோது சொன்னேன்.

"ஒதுங்கிப் போகாதீங்க. நியாயம் நம்ம பக்கம் இருக்கு. தள்ளிவிட்டுட்டுப் போங்க. வாரவன்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

இரண்டு முறை தள்ளினார். ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடி உடைந்து, சொந்தக்காரன் எகிறிக்கொண்டு வந்தான். போர்டைக் காட்டி நான் போட்ட போடில் உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டு போனான். அன்றைக்கு வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பார்வை போன பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் பெருமையாக இருந்தது.

ஆடிப்பூரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தங்கை வீடு தேரோடும் வீதிக்கு அடுத்த சந்து. வருடா வருடம் தேருக்குப் போவேன். முந்தின நாள் சாயங்காலமே கிளம்பினேன். சோறு எங்கே, குழம்பு எங்கே, எந்த மாத்திரை எந்த டப்பாவில் என்று எல்லாம் சொல்லிவிட்டுப் போனேன். என்ன தேதி என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை வீதியில் நின்றேன். வழக்கமாக அங்கே நடக்க முடியுமா? பால்கோவா வாங்க வருகிற காரும் வேனும் வீதியை அடைத்துக்கொண்டு நிற்கும். அன்றைக்கு ஒரு வண்டி இல்லை. கடைக்காரர்கள் முன்னால் நீட்டியிருந்த தகரத்தையெல்லாம் அவர்களாகவே கழற்றி வைத்திருந்தார்கள். படிக்கட்டை இடித்துக் கொடுத்தவர்கூட உண்டு. கரண்ட் கம்பியை அவிழ்த்திருந்தார்கள். வீதி அகலமாக, சுத்தமாகக் கிடந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, பக்தியில் இல்லை, ஆத்திரத்தில். சாமிக்கு வழி விட்டதில் எனக்கு வருத்தமில்லை. முடியும்தானே, அப்போ? ஒருத்தரும் போலீஸைக் கூப்பிடாமல், ஒரு மனுவும் எழுதாமல் முடிகிறதுதானே? ஒரு மனுஷன் டீ குடிக்கப் போக முப்பது இன்ச் கேட்டால்தான் எல்லாருக்கும் கை வலிக்கிறது. தேர் அசைந்து வந்தபோது கன்னத்தில் போட்டுக்கொண்டு, எங்கள் தெருவையும் ஒருநாள் வந்து பார் என்று கேட்டேன்.

அப்போதுதான் போன் வந்தது. கூட்டத்தின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு சந்துக்குள் ஓடினேன். பேசியது ஜவுளிக்கடை முதலாளி. என் நம்பரைச் சண்டை போட்ட காலத்தில் நானே அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

"ஒங்க வீட்டுக்காரர் விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டேன். நீங்க வாங்க" என்றார்.

தேரை முன்னிட்டு பஸ்ஸையெல்லாம் சுற்றிவிட்டிருந்தார்கள். ராஜபாளையம் வந்து சேருவதற்குள் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் மனதுக்குள் அடுக்கி வைத்துவிட்டேன். எவன் வண்டி, எவன் வண்டி என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. நாட்டு மருந்துக்காரராக இருக்கும். கண்ணாடி உடைந்தவனாக இருக்கும். நான் ஊரில் இல்லாத நாள் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். விடக்கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டு இறங்கினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலாளி நின்றார். வெள்ளைச் சட்டையில் கிரீஸ் கறை. இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது என்றார். அவர் முடிப்பதற்குள் கேட்டேன்.

"எவன் வண்டி?"

"எங்க கடைக்கு வந்த வண்டிதான்க்கா."

நான் வாயைத் திறந்தேன். அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"சரியான பக்கத்துலதான் நின்னுச்சு. ஒங்க வீட்டுப் பக்கம். இன்னைக்கு ஒண்ணாந் தேதி. ஒத்தப்படை. இன்னைக்கு ஒரு வண்டிகூடத் தப்பா நிக்கலக்கா. வேணும்னா போய்ப் பாருங்க."

நேற்று முப்பத்தொன்று. அதுவும் ஒற்றைப்படை. முப்பத்தொன்றுக்கு அடுத்த நாள் ஒன்று. இரண்டு நாளும் வண்டிகள் எங்கள் பக்கம்தான் நிற்க வேண்டும், இரண்டு நாளும் அவர் எதிர்ப் பக்கம்தான் நடக்க வேண்டும். தெருவுக்குப் போர்டு இருந்தது, படிக்கக் கண் இருந்தது. அவருக்கு இருந்தது ஒரு வழக்கம் மட்டும்தான். நேற்று அந்தப் பக்கம், இன்றைக்கு இந்தப் பக்கம். வாசலை விட்டு இறங்கி எங்கள் பக்கத்துச் சிலாப்பில் கால் வைத்திருக்கிறார். தடி வண்டியில் பட்டிருக்கிறது. எவனோ திருட்டுத்தனமாக நிறுத்தியிருக்கிறான் என்று நினைத்திருக்கிறார். ஒதுங்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்தபடி தள்ளியிருக்கிறார். சைடு ஸ்டாண்டில் நின்ற கனமான வண்டி, போன வேகத்தில் அவர் மேலேயே திரும்பி விழுந்திருக்கிறது.

விழுந்து கிடந்தபோதும், "இன்னைக்கு இந்தப் பக்கம் காலியா இருக்கணும், எடுங்கலே வண்டிய" என்று சத்தம் போட்டாராம். முதலாளிதான் கடையை விட்டு ஓடிவந்து வண்டியைத் தூக்கியிருக்கிறார்.

என் வாழ்க்கையில் சண்டைக்கு ஆள் இல்லாமல் நின்றது அன்றைக்குத்தான். மூன்று வருடத்தில் எங்கள் தெரு முழுக்க வண்டி ஒழுங்காக நின்ற ஒரே நாளாக அது இருந்து தொலைத்தது. நாட்டு மருந்துப் பெரியவரின் தமிழ் தேதியை வைத்திருந்தால் முந்தின நாள் ஆடி பதினைந்து, அன்றைக்குப் பதினாறு. வீட்டுக்காரர் போனது சரியான பக்கமாக இருந்திருக்கும். அதை நினைத்தால் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா?

பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். மூன்று மாதத்தில் நடக்கலாம் என்றார் டாக்டர். இப்போது வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பார்க்க வருகிறவர்களிடம், தேதியை நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று சொல்கிறார். நீ சொல்லாமல் போய்விட்டாய் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்டால் பதிலுக்கு நானும் சத்தம் போட்டு ஆறுவேன். மனுஷன் கேட்கவே மாட்டேன் என்கிறார். முதலாளி மறுவாரமே பூந்தொட்டியையும் சங்கிலியையும் எடுத்துவிட்டார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் எடுத்திருக்க வேண்டியதுதானே?

என் மேலும் கோபம்தான். நடக்கிறவனுக்கு எதற்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை? சிலாப் நடப்பதற்கு என்றால் எல்லாத் தேதியிலும் நடப்பதற்குத்தான். நான் பாதியை வாங்கிக்கொண்டு ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன்.

போன வாரம் திரும்பவும் மனு எழுதினேன். பழைய மூன்று கோரிக்கை. இரண்டு பக்கமும், எல்லா நாளும் என்று அடிக்கோடு போட்டேன். பார்வையில்லாத என் கணவர் தனியாக நடந்து போவதற்காக என்று ஆரம்பித்திருந்தேன். எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார்.

"என்னையச் சொல்லி எழுதாத. நான் இனிமே போகப்போறதில்ல. பொதுவா எழுது" என்றார்.

தடியை மடக்கி பீரோ மேல் வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை, வாசல் ஆணியிலேயே தொங்குகிறது. மனுவை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்றைக்கு இரட்டைப்படைத் தேதி. வண்டியெல்லாம் எதிர்ப் பக்கம் வரிசையாக நிற்கிறது. எங்கள் பக்கம் நூற்றெண்பத்தாறு சிலாப்பும் காலியாகக் கிடக்கிறது, காலையிலிருந்து பார்க்கிறேன், அதில் ஒருத்தரும் நடக்கவில்லை.